கப்பஸ்கேசிங்கின் முதலெழுத்து

டிம்மின்ஸில் இன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
மருத்துவமனையின் அடித்தளத்தில்
துடைப்பங்களுக்கும் ஒரு சக்கரம் போன நாற்காலிக்கும் நடுவே
ஃபயர்வால் பெட்டி
தன் சூட்டில் தானே குளிர்காய்கிறது.
கையுறையைக் கழற்றி
அதன் முதுகில் கை வைத்துக்கொள்கிறேன் நானும்.

எழுநூறு கிலோமீட்டர் தெற்கே, மிசிசாகாவில்
ஃபிரேசர் என்றொருவன்.
அவனிடமும் ஒரு பெட்டி,
கூடவே தீராத இருமல்.
எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு சுரங்கம் வேண்டுமாம்.
மண்வெட்டி தேவையில்லை.
தங்கத்துக்காக இந்த ஊர் தோண்டியதே போதும்.

நான் 'இங்கே' என்று நிரப்பியதை
அவன் 'அங்கே' என்று நிரப்ப வேண்டும்.
அவனுடைய இங்கே என்னுடைய அங்கே.
ஒரு புள்ளி பிசகினாலும் இரண்டு பக்கமும் ஊமை.
சீர்வரிசைப் பட்டியலைச் சரிபார்க்கும் சம்பந்திகள் போல
வரிவரியாகக் கேட்டுக்கொள்கிறோம்.
ஏஇஎஸ் இருநூற்று ஐம்பத்தாறா? ஆமாம்.
குழு பதினான்கா? ஆமாம்.
ஆயுள்?
எட்டு மணி நேரம்.

ஆயுளை இத்தனை சாதாரணமாகக் கேட்கவும் சொல்லவும்
வேறெந்த வேலையில் முடியும்?

ரகசியச் சாவியில் பாதியைக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன்.
மீதியை வாயால் சொன்னேன்.
போனில் எழுத்துகள் உதிரும் என்பதால்
ஊர்களாகக் கொடுத்தேன், முதலெழுத்தை எடுத்துக்கொள் என்று:
ஹர்ஸ்ட். மாத்திசன். ஈரோக்வா ஃபால்ஸ். கப்பஸ்கேசிங்.
பனி மூடிய நெடுஞ்சாலை முழுவதையும்
அவன் காதில் ஓட்டினேன்.

எழவில்லை.
அடையாளம் பொருந்தவில்லை என்று ஒரே வரி,
ஆறு முறை, ஆறு விதமான நம்பிக்கைக்குப் பிறகு.

மணி ஒன்றேகாலுக்குத்தான் பிடிபட்டது.
பாரி நகரைத் தாண்டி வடக்கே வந்திராதவன்
கப்பஸ்கேசிங்குக்கு 'சி' போட்டிருக்கிறான்.
சிரித்துவிட்டேன். கோபிக்க எனக்கென்ன யோக்கியதை?
காகத்துக்கும் கங்கைக்கும் மகனுக்கும்
ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு
காலம் தள்ளுகிறவள் நான்.

பச்சை.

இருக்கிறாயா என்று கேட்டது என் பெட்டி.
இருக்கிறேன் என்றது அவனுடையது, முப்பத்தொரு மில்லிசெகண்டில்.
இரத்தப் பரிசோதனை எண்கள் ஓடிப் போயின.
எக்ஸ்ரே மட்டும் போகவில்லை.
நலம் விசாரிப்பு நுழைகிறது,
நுரையீரல் நுழைய மறுக்கிறது.

பெரிய பொட்டலங்கள்.
போர்த்திய மறைகுறியின் கனத்தில்
வாசலில் முட்டி, சொல்லாமல் கொள்ளாமல் விழுகின்றன.
எனக்குத் தெரியும் அந்த அவஸ்தை:
குளிர்கோட்டு போட்டுக்கொண்டு
பேருந்தின் நடு இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஆயிரத்து முந்நூற்று அறுபது என்று அளவைக் குறைத்தேன்.
இன்னும் சின்னதாக நறுக்கு, பிறகு போர்த்து.

மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் யாரோ ஒருவரின் நெஞ்சு
துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் பூட்டப்பட்டு,
இருட்டில் தெற்கே கிளம்பியது.
நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது.
எக்ஸ்ரே அறை நடேஜ் படியிறங்கி வந்து
கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

ஃபிரேசர் கொட்டாவி விட்டான்.
"அந்த ஊர் எங்கேதான் இருக்கிறது?"
"இங்கிருந்தும் வடக்கே" என்றேன்.
"இன்னுமா!" என்றான். இருமினான். வைத்துவிட்டான்.

இனி பத்து வினாடிக்கொரு தரம்
இரண்டு பெட்டிகளும் உயிரோடிருக்கிறாயா என்று கேட்டுக்கொள்ளும்.
எட்டு மணி நேரம் முடிந்ததும்
பழைய சாவிகளை எறிந்து புதிதாகப் பேசி முடிக்கும்,
எங்கள் இருவரையும் எழுப்பாமல்.
அப்படித்தான் கையேட்டில் இருக்கிறது.

கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
சுவரில் செருகி வைத்திருந்த
கார் எஞ்சினின் சூட்டுக் கம்பியைப் பிடுங்கினேன்.
விறைத்திருந்தது,
சுருட்டச் சுருட்ட நீண்டது.